நோர்வேயில் மலிவாக ஆணி ரயர் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒக்டோபர் பிறந்தால் என் தொலைபேசிக்கு ஓய்வில்லை. "அண்ணை, பிக்டெக் போடவா, பிக்ஃப்ரி போடவா?" என்று தொடங்கி, "எக்கச்சக்கமாக் காசு கேட்கிறாங்கள், எது மலிவு?" என்று முடியும். பிக்டெக் என்றால் ஆணி வைத்த குளிர்கால ரயர். பிக்ஃப்ரி என்றால் ஆணி இல்லாத குளிர்கால ரயர். நான் ரயர் வியாபாரி இல்லை. வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் ஆணி ரயரோடு ஓடப் பழகியவன். இப்போது ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு மேட்டுப் பகுதியில் குடியிருக்கிறேன். ஒரே பதிலை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

எனக்கு ஆணி ரயர் உண்மையிலேயே தேவையா?

இதற்குப் பதில் தெரியாமல் விலையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. தேவையில்லாத ஆணி ரயரை அரை விலைக்கு வாங்கினாலும் அது நட்டம்தான்.

பனிக்கட்டி கடுங்குளிரில்தான் அதிகம் வழுக்கும் என்று ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மைனஸ் 15, மைனஸ் 20 பாகையில் பனிக்கட்டி காய்ந்து கிடக்கும். நல்ல மென்மையான றப்பர் அதை ஓரளவு பிடித்துக்கொள்ளும். சைபரை ஒட்டி நிற்கும்போதுதான் ஆபத்து. பகலில் கொஞ்சம் உருகி, மேலே மெல்லிய நீர்ப்படலம் நின்றால், றோட்டு சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிய சீமெந்துத் தரை மாதிரி ஆகிவிடும். ஆணி தன் காசுக்கு வேலை செய்வது அந்த நேரத்தில்தான். ஈரப் பனிக்கட்டியைக் குத்திப் பிடிக்க றப்பரால் முடியாது, உலோகத்தால் முடியும்.

ஆகவே எந்த ஊர் என்பதைவிட, எந்த நேரத்தில் எந்த றோட்டில் ஓடுகிறீர்கள் என்று பாருங்கள். காலை ஐந்து மணிக்கு முதியோர் இல்லத்து வேலைக்குப் போகிறீர்கள், வீட்டிலிருந்து பெரிய வீதிக்கு இறங்கும் பாதை செங்குத்து, அதில் உப்புப் போடமாட்டார்கள் என்றால் ஆணி போடுங்கள். மேற்குக் கரையிலோ வடக்கிலோ இருந்து, ஒரே வாரத்தில் மழையும் உறைவும் மாறி மாறி வந்தாலும் ஆணிதான். ஒஸ்லோ நகருக்குள்ளேயே வீடும் வேலையும், ஓடுவதெல்லாம் உப்புப் போட்ட வீதி என்றால் நல்ல பிக்ஃப்ரி போதும். வெறும் தாரிலும் ஈரத் தாரிலும் ஆணி ரயர் நிற்பதற்குக் கூடுதல் தூரம் எடுக்கும் என்பதையும் மறக்கவேண்டாம். ஒஸ்லோவில் பெரும்பாலான கார்கள் ஆணி இல்லாமல்தான் ஓடுகின்றன. அவர்கள் எல்லோரும் மடையர்கள் இல்லை.

எப்போது போடலாம், எப்போது கழற்றவேண்டும்?

பொது விதி: நவம்பர் 1 முதல், ஈஸ்டர் திங்களுக்குப் பிறகு வரும் முதல் ஞாயிறு வரை. 2027-இல் அந்த ஞாயிறு ஏப்ரல் 4. நூர்லான்ட், துரொம்ஸ், பின்மார்க் ஆகிய வட பகுதிகளில் ஒக்டோபர் 16 முதல் ஏப்ரல் 30 வரை. றோட்டு நிலைமை உண்மையில் கோரினால் இந்தத் திகதிகளுக்கு வெளியேயும் போடலாம். ஆனால் வெயில் எறிக்கும் மே மாதத்தில் "கடகட" என்று சத்தம் போட்டுக்கொண்டு போனால் பொலிசுக்கு விளக்கம் சொல்லத் தயாராக இருங்கள்.

இதே குளிர்காலத் திகதிகளில் ரயரின் தரையில் படும் பக்கத்துப் பள்ளம் குறைந்தது 3 மில்லிமீட்டர் ஆழம் இருக்கவேண்டும். கோடையில் 1.6 போதும். 3 என்பது சட்டத்தின் எல்லை. சேறும் பனியும் கலந்த சொதசொதப்பில் 4-க்குக் கீழே போன ரயரை நான் நம்புவதில்லை.

ஒஸ்லோவில் ஆணிக்குத் தனியாகக் காசு கட்டவேண்டுமாமே?

ஆம். ஒஸ்லோ, பேர்கன், துரொன்ஹைம் போன்ற நகரங்களில் ஆணி ரயரோடு ஓடக் கட்டணம் உண்டு. ஆணி தாரைச் சுரண்டும். அந்தத் தூசு காய்ந்த வசந்த நாட்களில் காற்றில் மிதந்து நெஞ்சுக்குள் போகும். அதைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு. மின்சாரக் காருக்கும் விலக்கு இல்லை.

ஒஸ்லோவில் நான் கட்டிய கணக்கு இது: ஒரு நாளுக்கு 35 குரோனர், மாதத்துக்கு 450, சீசன் முழுவதற்கும் 1400. சீசன் கட்டணத்தை நாள் கட்டணத்தால் வகுத்தால் 40 நாள் வரும். வெளியே குடியிருந்து, குளிர்காலத்தில் 40 நாளுக்குக் குறைவாக நகருக்குள் வருபவர் நாளுக்கு நாள் கட்டுவது மலிவு. வாரத்தில் இரண்டு நாள் வந்தாலே 40 தாண்டிவிடும், அப்போது சீசனுக்கு எடுத்துவிடுங்கள்.

மலிவுக் கணக்கில் எல்லோரும் மறப்பது இதைத்தான். ரயர் நாலு குளிர்காலம் ஓடும் என்று வைத்தால் 1400 நாலு தரம், 5600 குரோனர். விலை குறைந்த ரயரைத் தேடி நீங்கள் மிச்சம் பிடித்ததை இது விழுங்கிவிடும். நகருக்குள்ளேயே இருப்பவருக்கு, அந்தக் காசைப் போட்டு மிகச் சிறந்த பிக்ஃப்ரி வாங்குவதே மலிவு.

சரி, எனக்கு ஆணி தேவை. மலிவாக எதை வாங்கலாம்?

பெரிய கொம்பனிகளின் இரண்டாம் வரிசைப் பெயர்களைப் பாருங்கள். கொம்பனிகள் புதிய மொடலைத் தங்கள் முதல் பெயரில் விற்கும். பழைய மொடலின் வடிவத்தையும் அனுபவத்தையும் வேறொரு பெயரில் குறைந்த விலைக்குக் கொடுக்கும். பின்லாந்தின் நோக்கியனுக்கு நோர்ட்மன் அப்படிப்பட்ட பெயர். நோக்கியனின் முதல் வரிசையான ஹக்கப்பெலீத்தாவின் முன்னைய ரயர்களின் பூ வடிவம், அதாவது தரையில் படும் பக்கத்தின் வெட்டு, சில ஆண்டு கழித்து நோர்ட்மன் பெயரில் வரும். நோக்கியன் தன் முதல் ஆணி ரயரை 1961-இலேயே விட்ட கொம்பனி. அவர்களுடைய பழைய மொடல் என்பது பழுதான மொடல் அல்ல. கொன்டினென்டலுக்குக் கிஸ்லவேட், குட்இயருக்குச் சாவா, கொரியாவின் ஹன்குக்குக்கு லோஃபென். கிஸ்லவேட் முதலில் சுவீடன் கொம்பனி, குளிர்கால ரயரில் ஊறிய பெயர்.

இன்னொரு வழி, முதல் பெயரின் போன தலைமுறை மொடல். புதிய மொடல் கடைக்கு வந்த ஆண்டில் முந்தியதைத் தள்ளிவிடுவார்கள். கடையில் "கடந்த மொடல் நாலு சில்லுக்கும் இருக்கா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவருக்கு அவர்கள் சொல்லமாட்டார்கள்.

பெயரே கேள்விப்படாத, அதைவிட மலிவான ரயர் எப்படி?

நான் வாங்கமாட்டேன். இலையுதிர் காலந்தோறும் நோர்வேயின் நாஃப் என்ற வாகன ஓட்டிகள் சங்கம், சுவீடனின் வீ பில்ஆகரே, பின்லாந்தின் தெக்னீக்கன் மாயில்மா என்ற சஞ்சிகைகள் ஆகியவை சோதனை முடிவுகளை வெளியிடுகின்றன. அவற்றின் அடிவரிசையில் நிற்பவை பெரும்பாலும் இந்த மாதிரி ரயர்கள்தான். முதல் இடத்தைப் பார்க்க நான் அந்தப் பட்டியலைத் திறப்பதில்லை. நடுவில் நிற்கும் மலிவுப் பெயரையும், எதில் அது தோற்றது என்பதையும்தான் பார்ப்பேன். சத்தத்தில் புள்ளி இழந்த ரயர் எனக்குப் பிரச்சினை இல்லை. பனிக்கட்டியில் பிறேக் பிடித்ததில் இழந்தது வேண்டாம்.

கடையில் ஐரோப்பிய லேபிள் ஒட்டியிருக்குமே, அதைப் பார்த்து வாங்கலாமா?

எரிபொருள், ஈரப் பிடி, சத்தம் என்று எழுத்துப் போட்ட அந்த லேபிள் ஆணி பொருத்திய ரயருக்குக் கிடையாது. ஆணி ரயரை அந்த விதியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே "லேபிளில் ஏ போட்டிருக்கு" என்று யாராவது ஆணி ரயரை விற்றால் அவருக்கு விஷயம் தெரியாது, அல்லது தெரிந்தே சொல்கிறார்.

அளவை மாற்றிக் காசு மிச்சம் பிடிக்கலாமா?

பிடிக்கலாம். என் கணக்கில் அதிகக் காசு மிஞ்சுவது இதில்தான், ஆனால் கேட்பவர் குறைவு.

கார் வாங்கும்போது அழகுக்காக 18 அங்குல றிம்மில் வந்திருக்கும். அதே காருக்குப் பல தரம் 16 அங்குலமும் பொருந்தும். 18-க்கு நாலு ஆணி ரயர் வாங்கும் காசில், 16-க்கு ரயரோடு சாதாரண இரும்பு றிம்மும் கிட்டத்தட்ட அடங்கிவிடும். சின்ன றிம்மில் ரயரின் சுவர் உயரமாக இருக்கும், ஆகவே பனி விழுந்த குழிகளில் றிம் அடிபடுவது குறைவு. அகலம் குறைந்த ரயர் ஈரப் பனியைக் கிழித்துக்கொண்டு போகும். தனி றிம் இருந்தால் ஒவ்வொரு முறையும் ரயரை றிம்மிலிருந்து கழற்றிப் பூட்டும் கூலியும் மிச்சம்.

ஆனால் கண்மூடித்தனமாகக் குறைக்கக்கூடாது. பிறேக் தட்டும் அதன் பிடியும் உள்ளே அடங்கவேண்டும். அடங்காத றிம் பூட்டினால் சில்லே சுற்றாது. வாகனப் பதிவுப் பத்திரத்திலும், சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளிலும், கார்க் கையேட்டிலும் ஏற்ற அளவுகள் இருக்கும். ரயர் கடையில் வாகன இலக்கத்தைச் சொன்னால் ஆகச் சின்னது எது என்று சொல்லிவிடுவார்கள். "205/55 ஆர்16" என்றால் 205 மில்லிமீட்டர் அகலம், அதன் 55 வீதம் சுவர் உயரம், 16 அங்குல றிம். அதற்குப் பிறகு வரும் 91, 94 போன்ற எண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது. அதில் ஒருபோதும் குறைக்கவேண்டாம்.

பாவித்த ஆணி ரயர் வாங்கலாமா? இணையத்தில் 2000 குரோனருக்கு நாலு சில்லு இருக்கே?

வாங்கலாம், கண்ணால் பார்த்து, கையால் தடவிய பிறகு. நான் ஒரு முறை தடவாமல் வாங்கினேன். இரவு ஏழு மணி, ஒரு வீட்டுக் கராஜ் வாசல், மைனஸ் எட்டுப் பாகை, விற்றவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நாலையும் பின்பெட்டியில் அடுக்கிவிட்டு வந்தேன். அடுத்த நாள் வெளிச்சத்தில் பார்த்தால், முன்னுக்கு ஓடிய இரண்டிலும் ஆணி இருந்த இடமெல்லாம் வெறும் ஓட்டை. மிஞ்சியிருந்த ஆணிகளும் தேய்ந்து றப்பரோடு சமமாகக் கிடந்தன. அது பிக்டெக்கும் இல்லை, பிக்ஃப்ரியும் இல்லை.

இப்போது நான் செய்வது இது. பகலில் போவேன். உள்ளங்கையை ரயரின் மேல் வைத்து இழுப்பேன். உயிருள்ள ஆணி தோலில் கீறும். புதிய ரயரில் ஆணி ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வெளியே நிற்கும். நாலு சில்லிலும் ஒரே நீளத் துண்டை எடுத்து ஓட்டைகளை எண்ணுவேன். பின்லாந்தில் ஒரு காரின் ரயர்களுக்கிடையே ஆணி எண்ணிக்கை 25 வீதத்துக்கு மேல் வேறுபடக்கூடாது என்று விதியே உண்டு. நல்ல அளவுகோல், அதையே நானும் வைத்துக்கொள்கிறேன். பள்ளத்தின் ஆழத்தைச் சின்ன அளவுகோலால் பார்ப்பேன். புதிய ஆணி ரயர் 9 அல்லது 10 மில்லிமீட்டர் இருக்கும், 6-க்குக் கீழே என்றால் பேரம் பேசாமல் திரும்பிவிடுவேன்.

பிறகு வயது. பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்தது. அந்த நாலு இலக்கம் ஒரு பக்கச்சுவரில் மட்டும் இருப்பதுண்டு, புரட்டிப் பாருங்கள். ஆறு ஆண்டு தாண்டிய றப்பர், பூ ஆழமாக இருந்தாலும், இறுகியிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிளாஸ்டிக் மாதிரி இருந்தால் விட்டுவிடுங்கள்.

இரண்டு மட்டும் வாங்கி முன்னுக்குப் போட்டால் போதாதா? முன்சில்லுதானே இழுக்கிறது?

முடியாது. 3500 கிலோவுக்கு உட்பட்ட காரில் ஆணி போட்டால் நாலு சில்லிலும் போடவேண்டும், அதுதான் சட்டம். அதற்குக் காரணமும் உண்டு. முன்பக்கம் பனிக்கட்டியைப் பிடித்து நிற்க, பின்பக்கம் வழுக்கிச் சுற்றி முன்னுக்கு வந்துவிடும். ஒரு வளைவில் ஒருமுறை நடந்தால் போதும். தேய்மானம் வேறுபட்ட நாலு ரயர் இருந்தாலும் நல்ல இரண்டையும் பின்னுக்குப் போடுங்கள்.

விற்பவர் "குளிர்கால ரயர்தான்" என்கிறார். இந்த நாட்டுப் பனிக்குச் சரியானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆணி பொருத்திய ரயர் என்றால் அது வடநாட்டுக் குளிருக்கென்று செய்ததுதான், பெரிய சந்தேகம் இல்லை. மலிவு தேடுபவர் விழுவது பிக்ஃப்ரி பக்கத்தில். ஜேர்மனி, பிரான்ஸ் குளிருக்கென்று செய்த ரயரும் "குளிர்கால ரயர்" என்ற பெயரில் மலிவாகக் கிடைக்கும். அது ஈரத் தாரில் கெட்டிக்காரன், பனிக்கட்டியில் குழந்தை. ரயர் எவ்வளவு வேகம் தாங்கும் என்று காட்ட, அளவின் கடைசியில் போட்டிருக்கும் வேக எழுத்தைப் பாருங்கள்: கியூ, ஆர், டி என்றால் பெரும்பாலும் வடநாட்டு வகை, எச், வி என்றால் பெரும்பாலும் மத்திய ஐரோப்பிய வகை. மூன்று மலையுச்சிக்குள் பனிப்பூ வரைந்த அடையாளமும் இருக்கவேண்டும். சேறும் பனியும் என்று பொருள்படும் வெறும் எம்+எஸ் எழுத்தை எந்தச் சோதனையும் இல்லாமல் போட்டுக்கொள்ளலாம்.

எல்லாக் காலத்துக்கும் ஒரே ரயர்?

நோர்வேயில் வேண்டாம்.

மின்சாரக் கார். ஏதாவது வித்தியாசம்?

பாரம். பற்றரியோடு கார் கனமானது, ஆகவே மேலே சொன்ன 91, 94 போன்ற பார எண்ணைக் கவனியுங்கள். பல மொடல்களுக்கு, கூடுதல் பாரம் தாங்கும் என்று காட்டும் எக்ஸ்எல் அடையாளம் போட்ட ரயர் வேண்டும். இயந்திரச் சத்தம் இல்லாததால் ஆணியின் இரைச்சல் கூடுதலாகக் காதில் விழும். மின்மோட்டர் தொட்டவுடன் இழுக்கும்; பச்சை விளக்கில் காலை அழுத்திச் சில்லைச் சுழலவிட்டால் ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று போகும்.

புது ஆணி ரயர் போட்டாயிற்று. உடனே வழமைபோல் ஓடலாமா?

முதல் 500 கிலோமீட்டர் பொறுமை. ஆணி தன் குழிக்குள் இறுகி உட்கார நேரம் வேண்டும். அதுவரை சடாரென்று பிறேக் அடிப்பது, சில்லைச் சுழலவிடுவது, வேகமாக வளைவது எல்லாம் வேண்டாம். இதை மதிக்காமல் முதல் குளிர்காலத்திலேயே கால்வாசி ஆணியைத் தொலைத்துவிட்டு ரயரைத் திட்டுபவர்கள் உண்டு. இதனால்தான் முதல் பனி விழுந்த அன்று வாங்காதீர்கள் என்கிறேன். அன்று எல்லாக் கடையிலும் வரிசை, மலிவுப் பெயர்கள் எல்லாம் தீர்ந்திருக்கும், புது ஆணியோடு நேரே பனிக்கட்டியில் ஓடவும் வேண்டிவரும். செப்ரெம்பரில் வாங்கி வையுங்கள்.

வீட்டிலேயே சில்லு மாற்றலாமா, கடையில் கொடுக்கவேண்டுமா?

றிம்மோடு தனித்தனியாக இருந்தால் வீட்டில் மாற்றலாம், அரை மணி நேர வேலை. சமதரை, நல்ல ஜக், இறுக்க அளவு காட்டும் சாவி, இவ்வளவும் வேண்டும். கழற்றும்போது சோக்கட்டியால் "முன் வலது", "பின் இடது" என்று ரயரின் உள்பக்கத்தில் எழுதிவிடுங்கள். ஆணி ரயர் போன ஆண்டு சுழன்ற திசையிலேயே சுழலவேண்டும். திசை மாறினால் சாய்ந்து உட்கார்ந்த ஆணி தளர்ந்துவிடும். மாற்றி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப ஒருமுறை நட்டுகளை இறுக்குங்கள். என் நண்பர் ஒருவர் மறந்துவிட்டார். நெடுஞ்சாலையில் "டக் டக்" என்று சத்தம் கேட்க இறங்கிப் பார்த்தால், ஒரு சில்லில் இரண்டு நட்டுத்தான் மிச்சம்.

காற்றையும் பாருங்கள். பத்துப் பாகை குளிர்ந்தால் ரயரின் காற்றழுத்தம் சுமார் 0.1 பார் (bar) இறங்கும். ஒக்டோபரில் சரியாக இருந்தது ஜனவரியில் குறைந்துதான் இருக்கும்.

நத்தாருக்கு ஜேர்மனியில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் காரில் போகிறோம். ஆணியோடு போகலாமா?

முடியாது. ஜேர்மனியில் ஆணி ரயர் தடை. ஒஸ்திரிய எல்லையோரத்துச் சின்னத் துண்டு ஒன்றுக்குத்தான் விலக்கு. சுவீடனில் ஒக்டோபர் 1 முதல் ஏப்ரல் 15 வரையும், டென்மார்க்கில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரையும் ஆணியோடு ஓடலாம். ஆனால் ஸ்ரொக்ஹோமில் ஹூர்ன்ஸ்காத்தன் என்ற தெருவில் 2010 முதல் ஆணிக்குத் தடை. ஆண்டுதோறும் சொந்தங்களைப் பார்க்கத் தெற்கே காரில் போகும் குடும்பம் என்றால், இந்த ஒரு காரணத்துக்காகவே பிக்ஃப்ரி பக்கம் போவது நல்லது. நத்தாருக்கு இரண்டு நாள் முன்னர் எனக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டுப் பயனில்லை.

பழைய ரயரை என்ன செய்வது?

ரயர் கடையில் கொடுங்கள், இலவசமாக எடுத்துக்கொள்வார்கள். அதை அகற்றும் செலவைப் புது ரயர் வாங்கும்போதே உங்களிடம் வாங்கிவிட்டார்கள். நிலவறைக் களஞ்சியத்தில் பழைய சைக்கிளுக்கும் அரிசி மூட்டைக்கும் பின்னால் எட்டு ஆண்டாக அடுக்கி வைத்திருப்பவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம். அவற்றை "பாவித்த பிக்டெக், நல்ல நிலை" என்று இணையத்தில் போடாதீர்கள். வாங்க வருபவர் நானாக இருக்கலாம்.